ஓட்டு இல்லாத ஊரில் அறுபது நாள்

2024-ஆம் வருஷம் உலகத்தின் இரண்டு பெரிய ஜனநாயக நாடுகளில் பொதுத் தேர்தல் நடந்தது. இரண்டிலும் ஓட்டுப் போடாத பாக்கியசாலி அடியேன்.

ஏப்ரல் 19-ஆம் தேதி தமிழ்நாட்டில் 39 தொகுதிகளிலும் ஓட்டுப்பதிவு. அப்போது நான் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவிலிருந்து முக்கால் மணி நேர கார் தூரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் இந்தியப் பிரஜை படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில்தான் வரவேண்டும். விமான டிக்கெட் விலையைப் பார்த்தேன். ஓட்டுக்குப் பணம் வாங்குவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கைக்காசு ஒன்றரை லட்சம் செலவழித்து ஓட்டுப் போட்டவனை எங்கள் கும்பகோணத்தில் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்தது நவம்பர் 5. அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். அங்கே ஆறு வருஷமாக வேலை, ஆறு வருஷமாக வரி. ஆனால் எச்-1பி விசாக்காரனுக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு என்ன ஓட்டு, ஒரு கட்சிக்கு ஒரு டாலர் நன்கொடை கொடுத்தால்கூடச் சட்டப்படி தப்பு. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். கிரீன் கார்டுக்கு நான் வரிசையில் நின்றது 2021-ல். 2024 அக்டோபரில் அந்த வரிசையில் என் மாதிரி இந்தியர்களில் 2012-ல் நின்றவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேஷன் கடை மண்ணெண்ணெய் க்யூவெல்லாம் இதற்கு முன்னால் ஜெட் வேகம்.

இந்தத் தேர்தலுக்கு நடுவில்தான் எனக்கு வேலை போனது.

* * *

செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. அமெரிக்கர்களுக்கு 13-ஆம் தேதியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் வயிற்றைக் கலக்கும். நமக்கு வெள்ளிக்கிழமை லட்சுமி வருகிற நாள். நான் நம் கணக்குப்படி நெற்றியில் விபூதியோடு காலை ஒன்பதரை மணி மீட்டிங்கில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம். 'நிறுவனத்தை மறுசீரமைக்கிறோம்' என்றார் ஒரு அம்மாள், மிகவும் கனிவாக. அவர் பேசி முடிப்பதற்குள் என் லாப்டாப் பூட்டிக்கொண்டது. லட்சுமி வந்த வழியே போய்விட்டாள்.

வேலை போவது உலகத்தில் புதிதில்லை. எச்-1பிக்காரனுக்கு வேலை போவதில் ஒரு விசேஷம் உண்டு. அன்றிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி நமக்காக மனுப் போடவேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டும். மனைவி எச்-4. அவள் விசா என் விசாவின் முந்தானையில் முடிந்திருக்கிறது. என்னுடையது போனால் அவளுடையதும் போச்சு.

வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயமில்லை. ஐந்து வயது மகள். அங்கேயே பிறந்த அசல் அமெரிக்கப் பிரஜை. அவளை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. அவள் அப்பா அம்மாவைத்தான் சொல்லமுடியும்.

"அறுபது நாளா? நம்ம ஊர்ல வாடகை வீட்டைக் காலி பண்ணவே மூணு மாசம் டைம் குடுப்பாங்களே!" என்றாள் சகதர்மிணி.

"இது நாட்டைக் காலி பண்றது. அதுக்கு இவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரில் நவம்பர் 12-ஐச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். வாடகை, பால், பள்ளிக்கூட வேன் என்று எல்லா வட்டங்களையும் அவள்தான் போடுவாள். இதையும் அவளே போட்டாள்.

* * *

பி.காம். படித்தவனுக்குத் துக்கம் வந்தால் முதலில் கணக்கு எழுதுவான். எழுதினேன்.

வாடகை மாதம் 2,100 டாலர். கார் கடன் 340. சாப்பாடு, கரண்ட், போன் எல்லாம் சேர்த்து 1,200. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விட்டது. தொடர வேண்டுமென்றால் ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் கோப்ரா. சத்தியமாகச் சார், பாம்புதான். நீளமான ஒரு சட்டத்தின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் அப்படி வருகிறது. இதுநாள்வரை கம்பெனி கட்டிவந்த பங்கையும் நாமே கட்டி, மேற்கொண்டு 2 சதவிகிதம் வரை நிர்வாகச் செலவும் கொடுத்தால் பழைய இன்ஷூரன்ஸ் தொடரும். மூன்று பேருக்கு மாதம் 1,900 டாலர் என்று கடிதம் வந்தது. பாம்பு கொத்திவிட்டது. மருந்து வாங்க இன்ஷூரன்ஸ் இல்லை.

இப்போது வரவுப் பக்கம். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை அங்கே உண்டு. பென்சில்வேனியாவில் 26 வாரம் வரை வாரா வாரம் வரும். அதற்காகத் தொழிலாளியின் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி மட்டும்தான் கட்டுவார். தொழிலாளியும் கட்டுகிற இரண்டு மூன்று மாநிலங்களில் பார்த்து நான் குடியேறியிருக்கிறேன். 2024-ல் 0.07 சதவிகிதம். என் 84,000 டாலர் சம்பளத்தில் வருஷத்துக்கு 58 டாலர் 80 சென்ட்.

பெரிய தொகையில்லை. ஆனால் கட்டியிருக்கிறேன் இல்லையா? கேட்டுப் பார்த்தேன். எச்-1பிக்காரருக்குப் பொதுவாகக் கிடைக்காது என்றார்கள். உதவித்தொகை வேண்டுமென்றால் எந்த வேலை வந்தாலும் உடனே சேரத் தயாராக இருக்கவேண்டும். நம் விசாவோ ஒரே கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை போனதால் வேலை செய்ய அனுமதி இல்லை, வேலை செய்ய அனுமதி இல்லாததால் வேலை போனவனுக்குரிய உதவி இல்லை. இதை நான் மூன்று தரம் படித்தேன். நீங்களும் படியுங்கள். நான் மட்டும் கஷ்டப்படுவானேன்?

சோஷியல் செக்யூரிட்டி என்று 6.2 சதவிகிதம் தனியாகப் போனது. அது முதுமைப் பென்ஷனுக்கு. குறைந்தது பத்து வருஷம் கட்டியிருந்தால்தான் பென்ஷன். எனக்கு ஆறு. சில நாடுகளோடு அமெரிக்கா ஒப்பந்தம் போட்டு, அங்கே கட்டியதையும் இங்கே கட்டியதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆக, யாரோ ஒரு அமெரிக்கத் தாத்தா பாட்டியின் மாத்திரைச் செலவுக்கு என் கைங்கரியம் என்று புண்ணியக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

* * *

வெளியே தேர்தல் அமர்க்களம். நாங்கள் இருந்தது சாதாரண மாநிலம் இல்லை. அமெரிக்காவில் ஜனாதிபதியாக 538 எலெக்டோரல் ஓட்டுக்களில் 270 வேண்டும். பென்சில்வேனியாவிடம் 19. எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத மாநிலங்களில் இதுதான் பெரிசு. எனவே இரண்டு பேரும் எங்கள் மாநிலத்திலேயே பழியாய்க் கிடந்தார்கள். கமலா ஹாரிஸும் டொனால்ட் ட்ரம்ப்பும் டி.வி.யில் மோதிய விவாதம்கூட பிலடெல்பியாவில்தான் நடந்தது, எனக்கு வேலை போவதற்கு மூன்று நாள் முன்னால்.

நம் ஊர்த் தேர்தலோடு ஒப்பிட்டால் சப்பென்றுதான் இருக்கும். ஆட்டோவில் மைக் இல்லை. கட்-அவுட் இல்லை. புல்தரையில் சின்னச் சின்ன அட்டை நட்டு வைப்பார்கள், அவ்வளவே. அதற்குப் பதில் டி.வி.யைத் திறந்தால் விளம்பரம், போனைத் திறந்தால் மெசேஜ். 'நண்பரே, இன்று இரவுக்குள் 25 டாலர் அனுப்புங்கள், ஜனநாயகம் ஆபத்தில் இருக்கிறது!' நம் ஊரில் கட்சிக்காரர் வாசலுக்கு வந்தால் எதாவது தருவாரோ என்று சபலம் தட்டும். அங்கே கட்சி நம்மிடம் கேட்கிறது. அதுவும் வேலை போனவனிடம்!

அக்டோபரில் எலான் மஸ்க் வந்தார். ஒரு மனுவில் கையெழுத்துப் போடுகிற வாக்காளர்களில் ஒருவருக்குத் தினம் 10 லட்சம் டாலர் என்று அறிவித்தார். ஓட்டுக்காக இல்லையாம், கையெழுத்துக்காகவாம். எனக்குக் கும்பகோணம் ஞாபகம் வந்து கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் இதிலும் பதிவு செய்த வாக்காளர்களுக்குத்தான் இடம். என் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை.

அக்டோபர் 20-ஆம் தேதி அதைவிட வேடிக்கை. ட்ரம்ப் எங்கள் பக்கத்து மாவட்டத்தில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குப் போய், ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு வறுவல் போட்டார். மாணவியாக இருந்தபோது மெக்டொனால்ட்ஸில் வேலை பார்த்ததாகக் கமலா சொன்னதற்குப் பதிலடி. டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி மெல்லச் சொன்னாள்:

"எழுபத்தெட்டு வயசுல அவருக்கே கிடைச்சிருச்சு..."

அன்றைக்கு எனக்கு 37-ஆவது நாள். 140 கம்பெனிகளுக்கு மனுப் போட்டிருந்தேன். எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி வரும்: 'உங்களுக்கு இப்போதோ எதிர்காலத்திலோ விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?' ஆமாம் என்று டிக் அடித்ததும் 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்துவிடும். ஒரு தடவை பதினோரு நிமிஷத்தில் வந்தது. நம் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதினோரு வருஷம் காத்திருந்த சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன். அவருக்காவது நம்பிக்கை நீண்ட நாள் இருந்தது. இன்டர்வியூ வரை போன இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்."

ஊரிலிருந்து அம்மா போன்.

"ஏண்டா, அந்தக் கமலா நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தியாமே? மன்னார்குடிப் பக்கம்தானே! கோயில்ல அவளுக்காக அர்ச்சனையெல்லாம் பண்றாங்களாம். அவ ஜெயிச்சா உனக்கு வேலை குடுப்பாளா?"

"அம்மா, அவங்க தாத்தா ஊருதான் அது. அவங்க பொறந்தது கலிபோர்னியா."

"இருந்தா என்ன? நம்ம ஜில்லாப் பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்!"

* * *

எதிர் வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுபத்தைந்து தாண்டியவர். பக்கத்தில் கோட்ஸ்வில் என்ற ஊரில் உருக்காலையில் வேலை பார்த்தவர். பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று ஆறு வருஷமாகச் சண்டை போடுவார். அப்பா வயசுக்காரரை எப்படிப் பெயர் சொல்வது? நான் 'சார்' என்பேன். இராணுவத்திலா இருக்கிறோம் என்று சிரிப்பார். அவர் வீட்டுப் புல்தரையில் ட்ரம்ப் அட்டை. 'வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் எல்லாம் கொடுக்கிறது, எங்களுக்கு ஒன்றுமில்லை' என்று நம்புகிறவர். என்னிடமே சொல்லியிருக்கிறார், கோபமில்லாமல், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

தீபாவளி அக்டோபர் 31-ல் வந்தது. அன்றைக்குத்தான் அங்கே ஹாலோவீன். குழந்தைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும். மகள் பட்டுப் பாவாடைக்கு மேல் சூனியக்காரித் தொப்பி வைத்துக்கொண்டாள். வந்த பேய்களுக்கெல்லாம் மனைவி மிட்டாயோடு முறுக்கும் கொடுத்தாள். இரண்டு பேய்கள் திரும்பி வந்து இன்னொரு முறுக்கு கேட்டன.

அன்று ராத்திரி பெரியவருக்குத் தட்டில் பலகாரம் கொண்டுபோனேன். சமையல் மேஜையில் உட்காரச் சொன்னார்.

"இரண்டு மாதமாக உன் கார் காலையில் கிளம்புவதில்லையே?"

சொன்னேன். 48-ஆவது நாள் என்றும் சொன்னேன்.

"எண்பதுகளில் எனக்கும் போயிற்று. மூன்று குழந்தைகள். அந்த வாராந்தரச் செக் இல்லாவிட்டால் வீடு போயிருக்கும். உனக்கு எவ்வளவு வருகிறது?"

"எனக்கு வராது சார்."

"ஏன், நீ பணம் கட்டவில்லையா?"

போனில் என் சம்பளச் சீட்டைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், மாநில வரி, ஊர் வரி, வேலையில்லாக் காப்பீடு. மறுபடி மேலே போய் மறுபடி படித்தார். ஐந்து நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "இது எனக்குத் தெரியாது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் காலையில் அட்டை மாறியிருக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது சினிமா. அட்டை அங்கேயே இருந்தது. ஆனால் வாசலில் ஒரு கூடை ஆப்பிளும், தனக்குத் தெரிந்த மூன்று கம்பெனிக்காரர்களின் பெயர் எழுதிய காகிதமும் இருந்தன. மூன்று பேருக்கும் அவரே போன் பண்ணியிருக்கிறார். மூன்று பேரும் கேட்ட கேள்வி அதுதான்: ஸ்பான்சர்ஷிப் வேண்டுமா?

அதே நவம்பர் 1-ஆம் தேதி அரசாங்கத்தின் மாதாந்தர வேலைவாய்ப்பு அறிக்கை வந்தது. வேலையில்லாதவர் விகிதம் 4.1 சதவிகிதம். சுமார் 70 லட்சம் பேர். அக்டோபரில் புதிதாகச் சேர்ந்த வேலைகள் வெறும் 12,000 என்று முதல் கணக்கு. புயல்களும் போயிங் ஸ்டிரைக்கும் காரணம் என்றார்கள் ஆளுங்கட்சிப் பக்கம். பார்த்தீர்களா நாடு போகிற போக்கை என்றார்கள் எதிர்ப்பக்கம். மாதாமாதம் 60,000 வீடுகளில் விசாரித்து இந்த விகிதத்தைச் சொல்கிறார்கள். அதில் பிரஜையா இல்லையா என்று பார்ப்பதில்லை, குடியிருந்தால் சேர்த்தி. அதாவது, ஓட்டர் லிஸ்டில் இடமில்லாத எனக்கு வேலையில்லாதோர் லிஸ்டில் இடமுண்டு! 4.1-க்குப் பின்னால் வருகிற ஏதோ ஒரு தசம ஸ்தானத்தில் நான் இருந்தேன்.

* * *

நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. 53-ஆவது நாள். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். விசிட்டர் விசாவுக்கு மாற்றி மனுப் போட்டுவிட்டு இன்னும் சில மாதம் தேடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வாடகை கொடுத்து இருந்த வீட்டிலேயே விருந்தாளியாக இருக்கலாம், வேலைதான் பார்க்கக் கூடாது. என் ஐந்தொகை அதைத் தாங்காது. விசா காலம் முடிவதற்கு முன் வேலையை விட்டு எடுத்தால் ஊர் திரும்பும் செலவைக் கம்பெனி தரவேண்டும் என்பது சட்டம். தந்தார்கள், ஒரு டிக்கெட். தொழிலாளிக்கு மட்டும்தான் சட்டம், குடும்பத்துக்கு இல்லை. மற்ற இரண்டையும் காரை விற்று வாங்கினேன்.

சாயங்காலம் பெரியவர் வந்தார். சட்டையில் 'நான் ஓட்டுப் போட்டேன்' என்ற வட்ட ஸ்டிக்கர். அங்கே விரலில் மை கிடையாது, அதுதான் அடையாளம். மகள் அதையே பார்த்தாள்.

"எனக்கும் வேணும்."

"நீ இன்னும் பதின்மூன்று வருஷம் காத்திருக்கவேண்டும், கண்ணு" என்று சொல்லிக்கொண்டே அதைப் பிய்த்து அவள் ஃப்ராக்கில் ஒட்டினார். பிறகு என்னிடம், "இந்த வீட்டில் ஓட்டு உள்ள ஆள் இவள்தான். இவள் திரும்பி வரவேண்டும்" என்றார்.

யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அட்டைதான் சொல்கிறதே.

நள்ளிரவு தாண்டி பென்சில்வேனியா ட்ரம்ப் பக்கம் போயிற்று. சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டு வித்தியாசம். மொத்தத்தில் 312-க்கு 226. 'தேர்தல் முடியட்டும்' என்று சொன்ன இரண்டு கம்பெனிகளுக்கும் மறுநாளே மெயில் போட்டேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது: "பதவியேற்பு முடியட்டும்."

நவம்பர் 11 ராத்திரி, 59-ஆவது நாள், விமானம் ஏறினோம். ஏர்போர்ட்டுக்குப் பெரியவர்தான் தன் டிரக்கில் கொண்டுவிட்டார். வழியெல்லாம் பேஸ்பால் பேசினார். இறங்கும்போது முதல் தடவையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "இப்போதாவது!" என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

* * *

இப்போது கும்பகோணத்தில் நாலு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் உங்களுக்கு இப்படி எழுதுகிறேன். 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவருக்காகப் புதிதாகப் போடும் எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று ட்ரம்ப் உத்தரவு போட்டார். அன்றே பெரியவரிடமிருந்து மெசேஜ்: 'உன் சம்பளம் 84,000 என்றுதானே அந்தச் சீட்டில் இருந்தது?' ஆமாம் என்று பதில் போட்டேன். மனிதர் மறக்கவில்லை.

வந்த கையோடு தாலுகா ஆபீசில் படிவம் 6 கொடுத்தேன். எனக்கும் மனைவிக்கும். கிளார்க் வாங்கிப் பார்த்துவிட்டு, "வீட்ல வேற யாரும் இருக்காங்களா சார்?" என்றார்.

"ஒரு பொண்ணு இருக்கா. ஆனா அவ அமெரிக்கப் பிரஜை. பெரியவளானாலும் இங்க ஓட்டு கிடையாது."

"அப்ப அவங்கதான் உங்க வீட்ல ஃபாரினரா?"

ஆமாம். இப்போது முறை மாறிவிட்டது. அந்த ஃபாரினர், பாட்டியின் இரும்பு பீரோவில் அந்த வட்ட ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கிறாள். ஓரமெல்லாம் பிய்ந்துவிட்டது. பீரோ அழுக்காகிறது என்று அம்மா இரண்டு தரம் சுரண்டப் போனாள்.

நான்தான் விடவில்லை.